ஏழாவது மாதிரி தாங்கியது: சிறுநீர்க் கசிவுக்குத் துவைத்துப் பயன்படுத்தும் பேட் தைத்த கதை

போன வாரம் அம்மா ஏழாவது மாதிரியைப் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரப் பயணம் போய்விட்டு வந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "மேல எதுவும் படல, பாரு" என்று திரும்பி நின்று காட்டினார். எட்டு மாதமாக நான் தைத்ததில் ஆறு மாதிரி ஏதோ ஒரு வகையில் தோற்றுப்போனவை. ஏழாவது தாங்கிவிட்டது. எந்த இடத்தில் எதைத் தப்பாகச் செய்தேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் துணி, ஊசி, நூல் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு நான் செய்த அதே தப்பிலிருந்து இன்னொருவர் தொடங்க வேண்டியதில்லை.

யாருக்காகத் தைத்தேன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்கு, அண்ணிக்கு, அம்மாவுக்கு. எனக்கு இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தும்மினால், இருமினால், கனமாக எதையாவது தூக்கினால் கொஞ்சம் கசியும். அண்ணிக்கும் அதேதான், ஆனால் அவர் தினமும் ஓடுகிறவர், அதனால் ஒரே மணி நேரத்தில் பலமுறை கசியும். அம்மா கதை வேறு. அவருக்கு இருமினால் ஒன்றும் ஆகாது. 'வருகிறது' என்று தோன்றிவிட்டால் அவ்வளவுதான், கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விடும். மருத்துவர்கள் முதல் வகையை அழுத்தக் கசிவு என்றும் இரண்டாவதை அவசரக் கசிவு என்றும் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவு எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் மூன்று பேருக்கும் ஒரே பேட்டை மூன்று அளவில் தைத்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன்.

அதுவரை மூவருமே மாதவிடாய்க்கு வைக்கும் பேட்டைத்தான் வைத்துக்கொண்டிருந்தோம். அது ஏன் சரிப்படாது என்பது ஒரு பேட்டைத் தட்டில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே தெரியும். மாதவிடாய் இரத்தம் கெட்டியாக, மெதுவாக, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அந்தப் பேட் அதற்குச் செய்தது. சிறுநீர் தண்ணீர் மாதிரி இருக்கும், ஒரே வீச்சில் வரும். உள்ளே இறங்குவதற்குள் மேல்பக்கமாகவே ஓடி ஓரத்தில் வழிந்துவிடும்.

தைக்க உட்காருவதற்கு முன் ஒரு உருப்படியான காரியம் செய்தேன்: மூன்று பேரும் மூன்று நாள் கணக்கு எழுதினோம். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம், எப்போது போனோம், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம். கூடவே ஒவ்வொரு பேட்டையும் வைப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசில் நிறுத்தோம். பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, பையின் எடையைக் கழித்து. ஒரு கிராம் கூடினால் கிட்டத்தட்ட ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். இதற்காகவே ஒரு தராசு ஒதுக்கிவிடுங்கள், திரும்ப மாவு நிறுக்கக் கொண்டுபோக வேண்டாம்.

என் கசிவு ஒரு தடவைக்கு 2 முதல் 9 கிராம், ஒரு நாள் முழுக்கச் சேர்த்தாலும் 30 தாண்டவில்லை. அண்ணிக்கு ஓடும் அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் 40, மற்ற நேரம் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு ஒரு தடவைக்கே 70 முதல் 130 வரை, நாளைக்கு இரண்டு மூன்று முறை. நான் மனதில் வைத்திருந்த கணக்கு எல்லாமே தப்பு. எனக்கு நிறையக் கசிகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு மேசைக்கரண்டிகூட இல்லை. அம்மா 'கொஞ்சம்தான்டி' என்று சொல்லிக்கொண்டிருந்தது அரை டம்ளர்.

அந்த நோட்டில் இன்னொன்றும் அகப்பட்டது. அம்மா பகல் முழுக்கக் குடித்தது 600 மில்லிதான். கசியுமே என்று பயந்து தண்ணீரைக் குறைத்திருக்கிறார். அப்படிக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும், அவசரம் குறையவே குறையாது. பேட்டை அப்படியே வைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்று இருந்தது. மருந்து முடிந்தபின் எண்ணிக்கை நான்கு ஐந்திலிருந்து இரண்டு மூன்றாக இறங்கியது. மேலே நான் சொன்னது இறங்கிய பிறகு எடுத்த கணக்கு. இந்தப் படியைத் தாண்டிப்போய்த் தைத்திருந்தால் ஒரு நோய்க்கு நன்றாகப் பேட் தைத்துக் கொடுத்திருப்பேன்.

முதல் மாதிரி பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எட்டு அடுக்கு ஃபிளானல், கீழே தண்ணீர் இறங்காத பியுஎல் துணி, நீளம் 28 செமீ, அகலம் 12 செமீ, நேரான செவ்வகம். மேசையில் விரித்து, நீல மை கலந்த தண்ணீரை டம்ளரிலிருந்து நிதானமாக ஊற்றினேன். 180 மில்லி வாங்கியது. பெருமையாகப் படமெல்லாம் எடுத்தேன். மறுநாள் போட்டுக்கொண்டு நடந்தேன், ஒரு தும்மலுக்கே ஓரம் நனைந்தது. ஆறு கிராமுக்கு!

காரணம் மூன்று. புதுத் துணியைத் துவைக்காமல் தைத்தேன். புதுப் பருத்தியில் எண்ணெய்ப் பசையும், அதிலும் மூங்கில் துணியிலும் ஆலையில் போட்ட பூச்சும் இருக்கும், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். ஐந்தாறு முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் அது ஒழுங்காக உறிஞ்சும், அதற்குள் நீளத்தில் கொஞ்சம் சுருங்கியும் விடும். இரண்டாவது, மேசையில் படுத்திருக்கும் பேட்டும் உடம்பில் இருக்கும் பேட்டும் ஒன்றல்ல. தொடைகளுக்கு நடுவே நிற்கும்போது கிடைக்கும் இடம் எனக்கு 7 செமீதான். 12 செமீ பேட் அங்கே போய் மடிந்து ஓட்டு வாய்க்கால் மாதிரி ஆகி, விழுந்ததை அப்படியே பின்பக்கம் கொண்டுபோய் வெளியே விட்டது. மூன்றாவதுதான் பெரிய காரணம். நான் பார்த்தது எவ்வளவு பிடிக்கும் என்பதை. பார்த்திருக்க வேண்டியது எவ்வளவு வேகமாக வாங்கும் என்பதை.

அதனால் இரண்டாவது மாதிரிக்கு முன் ஒரு சோதனை மேடை செய்தேன். மொத்த வேலையிலும் இதற்குச் செலவழித்த ஒரு மதியம்தான் அதிகம் பலன் தந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி, மூடியில் 5 மிமீ ஓட்டை போட்டு, தலைகீழாக ஒரு கம்பியில் கட்டினேன். விரலால் அடைத்து 100 மில்லி ஊற்றி விரலை எடுத்தால் ஏழு எட்டு நொடியில் காலியாகும். நல்ல சிறுநீர்ப்பை நொடிக்கு 20 மில்லிக்கு மேல்கூடத் தள்ளும், ஆனால் அடக்கப் பார்த்துத் தோற்கிறபோது வருவது அதைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, பேட்டை இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்து நெருக்கி, நடுவே 7 செமீ மட்டும் விட்டேன். கீழே ஒரு தட்டு. தட்டில் வழிந்ததை நிறுப்பேன். அப்புறம் ஐந்து நிமிடம் கழித்து, எடை போட்ட டிஷ்யூ தாள் ஒரு கத்தையைப் பேட்மேல் வைத்து, அதன்மேல் 4 கிலோ எடையை ஒரு நிமிடம் ஏற்றி, டிஷ்யூ எவ்வளவு கூடியது என்று பார்ப்பேன். உட்கார்ந்தால் எவ்வளவு திரும்ப வெளியே வரும் என்பதற்கு அது அளவு.

இப்போது அதில் ஊற்றுவது வெறும் தண்ணீர் இல்லை, லிட்டருக்கு 9 கிராம் உப்புப் போட்டது. இதை ஏன் சேர்த்தேன் என்பது மூன்றாவது மாதிரியில் வரும்.

அளவு எடுத்ததில் ஒரு சின்ன வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கடைப் பேட்டுகளைக் கழற்றியதும் ஈரம்பட்ட இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, அதைப் பட்டர் பேப்பரில் நகல் எடுத்தோம். பன்னிரண்டு நகல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் எங்கே கோடுகள் கும்பலாக இருக்கின்றன என்று தெரிந்துவிடும். என்னுடையது நட்ட நடுவில், கைக்கடிகாரம் அளவு வட்டம். அண்ணியுடையது நடுவில் தொடங்கி முன்பக்கம் நீண்டிருந்தது. அம்மாவுடையது நடுவிலிருந்து பின்னால் போய் வால் மாதிரி அகன்றிருந்தது, அவர் பாதி நேரம் சாய்ந்து உட்கார்ந்தோ படுத்தோ இருப்பவர். கடைப் பேட்டில் எல்லா இடத்திலும் ஒரே தடிமன். தேவையில்லாத இடத்தில் இருக்கும் தடிமன் எல்லாம் வேர்வையும் உறுத்தலும்தான்.

இரண்டாவது மாதிரியை உடுக்கை வடிவில் வெட்டினேன், இடுக்கில் 7 செமீ, முன்னும் பின்னும் 10. துவைத்த துணி. மேடையில் முதல் மாதிரி தட்டில் 70 கிராம் வழியவிட்டது, இது 45. பரவாயில்லை, முன்னேற்றம். ஆனால் அடுக்குகள் நகராமல் இருக்க நடுவே நீளவாக்கில் ஒரு தையல் ஓட்டியிருந்தேன், பியுஎல்லையும் சேர்த்து. பத்து நிமிடத்தில் அடிப்பக்கத்தில் அந்தத் தையல் கோட்டில் மட்டும் பொட்டுப் பொட்டாக ஈரம். தண்ணீர் இறங்காத துணியில் நானே நூறு ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் பருத்தி நூலைத் திரி மாதிரி செருகி வைத்திருந்தேன். விளக்குத் திரிதான் அது, எண்ணெய்க்குப் பதில் வேறு.

அதன் பிறகு விதி ஒன்று: உறிஞ்சும் அடுக்குகளைத் தனியாகத் தைத்து முடி, பியுஎல்லை ஓரத்தில் மட்டும் தொடு. நூல் பாலியெஸ்டர் மட்டும். ஊசி 11ஆம் நம்பர், உருண்டை முனை. தையல் நீளம் 3 மிமீ, பொடித் தையல் போட்டால் ஓட்டை அதிகம். குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். பியுஎல்லின் பளபளப்பான பக்கம் உள்ளே, உறிஞ்சும் அடுக்கைப் பார்த்து இருக்க வேண்டும். அது மெஷின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராது, நடுவே ஒரு டிஷ்யூ தாள் வைத்துத் தைத்துவிட்டுப் பிய்த்து எடுத்தால் போதும். இதைக் கண்டுபிடிக்கும்முன் ஒரு முழம் துணியைப் பாழாக்கினேன்.

மூன்றாவது மாதிரி பேராசை. கடையில் விற்கும் சிறுநீர்ப் பேட்டுக்குள் ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறதே, சோடியம் பாலிஅக்ரிலேட், தண்ணீர் பட்டால் ஜெல்லாக ஊதுவது, அதை எடுத்து நம் பேட்டுக்குள் ஒரு மெல்லிய துணிப்பையில் வைத்தால் என்ன என்று தோன்றியது. நான்கு பேட்டைக் கிழித்துத் தூளைத் தட்டி எடுத்தேன், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. வெறும் தண்ணீரில் அசத்தியது. அந்தத் தூள் சுத்தமான தண்ணீரைத் தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு குடிக்கும். உப்புத் தண்ணீரில் அதே தூள் சில பத்து மடங்குக்குமேல் போகாது. சிறுநீரில் உப்பு உண்டு. என் நீலத் தண்ணீர்ச் சோதனை எல்லாம் அன்றைக்குச் செத்தது, அன்றிலிருந்து உப்புத் தண்ணீர். அப்புறம் அதைத் துவைத்தேன். துவைக்கக் கூடாது என்று யோசித்திருக்க வேண்டும். பை ஊதி, தையல் விட்டு, வாளி முழுக்கக் கண்ணாடி மாதிரி வழவழவென்று கட்டிகள். வடிகாலில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து, கரண்டியால் அள்ளி உப்பைக் கொட்டி இளக்கி, துணியில் வடிகட்டிக் குப்பையில் போட்டேன். ஒரு மணி நேர வேலை. அண்ணி வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்காவது, மைக்ரோஃபைபர். கார் துடைக்கும் துணி வகைதான். மூன்று அடுக்கு வைத்ததில் தட்டில் வழிந்தது வெறும் 8 கிராம். இதோ கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். நான்கு கிலோ எடையை ஏற்றியதும் டிஷ்யூவில் 22 கிராம். ஸ்பாஞ்ச் மாதிரி, வேகமாக வாங்கும், உட்கார்ந்தால் அதே வேகத்தில் கக்கிவிடும். மூங்கில் டெர்ரி, அதாவது துண்டு மாதிரி நூல் சுருள் எழும்பிய மூங்கில் துணி, நேர் எதிர்: வாங்குவதில் சோம்பேறி, வாங்கியதை விடாது.

எழுதிப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டு வாரம் ஆனது. மேலே உடம்பைத் தொடும் இடத்தில் விளையாட்டு உடைக்குப் பயன்படும் மெல்லிய பாலியெஸ்டர் ஜெர்சி, அது ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே தள்ளும். அதற்குக் கீழே ஒரே ஒரு அடுக்கு மைக்ரோஃபைபர், வந்ததை உடனே வாங்கிப் பரப்ப. அதன் கீழே மூங்கில் டெர்ரி, மெதுவாகக் குடித்துப் பிடித்துக்கொள்ள. கடைசியில் பியுஎல். ஐந்தாவது மாதிரி இது. டெர்ரி இரண்டு அடுக்கு, நீளம் 22 செமீ. தட்டில் 5 கிராம், டிஷ்யூவில் 6. எனக்கும் அண்ணிக்கும் இன்றுவரை இதுதான். அண்ணியுடையதில் முன்பக்கம் 4 செமீ கூட்டியிருக்கிறேன், வியர்வையில் நகராமல் இருக்க இறக்கைகளில் டிச் பட்டன் ஒன்றுக்குப் பதில் இரண்டு.

ஐந்தாவதில் வந்த ஒரே தொல்லை ஓரம். உறிஞ்சும் அடுக்கு ஓரத் தையல்வரை போயிருந்தால் ஈரம் ஓரத்தைத் தாண்டி உள்ளாடைக்கு ஏறிவிடுகிறது. அடுக்கை எல்லாப் பக்கமும் 1.5 செமீ உள்ளே தள்ளி வெட்டினேன், போயே போச்சு.

அம்மாவுக்குத்தான் ஆறாவது. அவருக்குப் பேட் நிற்காது, 130 கிராம் ஒரே வீச்சில் வந்தால் பேட் பாரத்தில் தொங்கி இடைவெளி விட்டுவிடும் என்பதால் உள்ளாடையோடு சேர்த்தே தைத்தேன். டெர்ரி மூன்று அடுக்கு, நீளம் 34 செமீ, பின்பக்கம் அகலம் 14. தொடைச் சுற்றில் 6 மிமீ எலாஸ்டிக். குனிந்து கால் நுழைக்கச் சிரமம் என்று, படுக்கையில் உட்கார்ந்தபடியே மாட்டிக்கொள்ளும் மாதிரி இரண்டு பக்கமும் மூன்று மூன்று டிச் பட்டன் வைத்துத் திறக்கிற மாதிரி செய்தேன். மேடையில் பிரமாதம். எனக்கு ரொம்பத் திருப்தி.

நான்கு நாளில் நோட்டைப் பார்த்தால் அம்மாவின் கசிவு கூடியிருந்தது. வழிந்து துணியில் படவில்லை, ஆனால் உள்ளாடையில் முன்பு 70 வந்த இடத்தில் 140, 150. என்னவென்று கேட்டேன். "பட்டன் எங்க வருது. கை நடுங்குது, இறங்கவும் மாட்டேங்குது. முன்னாடியாவது பாதி உள்ள போய்ப் போவேன், இப்ப எல்லாம் இதுலயேதான் போகுது" என்றார். அவர் விரல் மூட்டு வீக்கம் எனக்குத் தெரியாததா? தெரியும். அவர் பட்டனைத் திறக்க வேண்டியதில்லை, கீழே இழுத்தால் போதும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இடுப்பு எலாஸ்டிக்கும் தொடை எலாஸ்டிக்கும் இறுக்கம், அடுக்கின் தடிமன் வேறு, இழுத்தால் வரவில்லை, அதனால் பட்டனைத் தேடியிருக்கிறார்.

கடிகாரம் வைத்துப் பார்த்தோம். வழக்கமான உள்ளாடையை இறக்கி உட்கார 4 நொடி. என் ஆறாவது மாதிரியை இறக்க 11 நொடி. அவசரக் கசிவு உள்ளவருக்கு அந்த ஏழு நொடிதான் எல்லாம். கசிவைத் தாங்குவதற்கென்று தைத்த ஒன்று கசிவை இரண்டு மடங்காக்கியது. உறிஞ்சும் திறனை மட்டும் மேடையில் வைத்துப் பார்த்திருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது. இப்போது என் சோதனைப் பட்டியலில் முதல் வரி, எத்தனை நொடியில் இறங்குகிறது என்பதுதான்.

ஏழாவதில் பட்டன் கிடையாது. இடுப்பில் 25 மிமீ அகல மென் எலாஸ்டிக், இடுப்புச் சுற்றளவைவிட 6 செமீ மட்டுமே குறைவாக. தொடை எலாஸ்டிக் பின்பாதியில் மட்டும், ஏனென்றால் பட்டர் பேப்பர்ப்படி அவருக்கு வழிவது பின்னால்தான். இரண்டு பக்கமும் இடுப்புப் பட்டையில் கட்டைவிரல் நுழையும் அளவு துணி வளையம். விரலால் பிடிக்கத் தேவையில்லை, கட்டைவிரலை நுழைத்து அழுத்தினால் இறங்கும். 5 நொடி. உறிஞ்சும் அடுக்கை நிரந்தரமாகத் தைக்காமல், முன்பக்கம் மட்டும் இணைத்து நாக்கு மாதிரி விட்டேன், உடுத்தும்போது மடிந்து உள்ளே இருக்கும், துவைத்தபின் வெளியே தொங்கவிடலாம். இது உலர்த்துவதற்காகச் செய்தது. ஆறாவது மாதிரி கொடியில் காய 9 மணி நேரம் பிடித்தது, ஏழாவது 4.

முழுக்க நீரில் முக்கி, சொட்டுவது நிற்கும்வரை தொங்கவிட்டு நிறுத்தால் ஏழாவது 250 கிராம் பிடிக்கிறது. ஆனால் உடுத்தியிருக்கும்போது 140 தாண்டினால் ஓரம் நனையத் தொடங்கும். சிறுநீர்ப் பேட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 11948-1 என்ற சர்வதேசத் தரச் சோதனையும் முக்கி எடுத்து நிறுக்கும் முறைதான். பாக்கெட்டில் போட்டிருக்கும் மில்லி எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள் பாதியாக நினைத்துக்கொள்வது நல்லது என்பது என் கணக்கு.

துவைத்ததில் இரண்டு கோளாறு. ஒரு வாரம் மணக்கட்டுமே என்று துணி மென்மையாக்கும் திரவம் போட்டேன், உறிஞ்சுவது பாதியாகிவிட்டது, அது நூல்மேல் மெழுகு மாதிரி படிந்துவிடும். மூன்று முறை வெந்நீரில் வெறுமனே அலசிய பிறகு சரியானது. இன்னொரு நாள் கிருமி போகட்டும் என்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன், பியுஎல்லின் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பித் துணியைவிட்டுப் பிரிந்தது. இப்போது எடுத்ததும் குளிர்ந்த நீரில் ஒரு அலசல், அப்புறம் கை பொறுக்கும் சூட்டு நீரில் சாதாரண சோப்புத்தூள், வெயில். எடுத்ததும் அலசாமல் வைத்தால் யூரியா அம்மோனியாவாக மாறி நாற்றம் பிடிக்கும், அதே அம்மோனியா தோலில் நின்றால் புண்ணாக்கும், அதனால் துணி நன்றாக உறிஞ்சுகிறது என்பதற்காக நாள் முழுக்க ஒன்றையே போட்டிருக்கவும் கூடாது. அம்மா நனைந்தவுடன் மாற்றுகிறார்.

செலவைக் கடைப் பேட் கணக்கில் சொல்கிறேன். என்னுடைய ஒன்றுக்கு ஆன துணி, நூல், பட்டன் எல்லாம் சேர்த்துப் பதினான்கு கடைப் பேட் விலை. அம்மாவுடையது இருபத்திரண்டு. அவருக்கு மாற்றி மாற்றிப் போட ஆறு வேண்டும், நாளைக்கு மூன்று கடைப் பேட் வைத்துக்கொண்டிருந்தவர், ஆக ஒன்றரை மாதத்தில் சரியாகிவிடும். தோற்றுப்போன மாதிரிகளில் போன துணியைக் கணக்கில் சேர்க்க மாட்டேன், சேர்த்தால் அழுகை வரும்.

தைப்பதோடு சேர்ந்தே நடந்த இன்னொன்று: எனக்கும் அண்ணிக்கும் பயிற்சியாளர் ஒருவர், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி சொல்லிக்கொடுத்தார், ஒரு தடவைக்கு எட்டுச் சுருக்கம், நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். நாலாவது மாதத்தில் என் நாள் கணக்கு 30லிருந்து 10க்குக் கீழே வந்துவிட்டது. அதாவது ஐந்தாவது மாதிரியை நான் முடித்து அழகாக ஓரம் தைத்த நேரத்தில் எனக்கு அது கிட்டத்தட்டத் தேவையில்லாமல் போயிற்று. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, என்ன சொல்ல. இப்போது ஒரு அடுக்கு டெர்ரியை உருவிவிட்டு மெல்லியதாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தடவை செய்தால் துணி வாங்குவதற்கு முன் சோதனை மேடை. மூன்று பேரின் கணக்கும் மூன்று நாளுக்குப் பதில் ஏழு நாள், அம்மாவுக்குப் பயண நாளும் வீட்டு நாளும் வேறு வேறு. தொடைச் சுற்றளவை நின்றபடி மட்டும் எடுக்காமல் உட்கார்ந்தும் எடுப்பேன், அம்மாவுக்கு 5 செமீ வித்தியாசம் வந்தது.

எட்டாவதுக்குத் துணி துவைத்துக் கொடியில் கிடக்கிறது. நிறத்தில்தான் தகராறு. அண்ணிக்கு உள்ளும் புறமும் கறுப்பு வேண்டும், கறை தெரியாது, கொடியில் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவுக்கும் கறுப்புதான் பிடித்திருந்தது. ஆனால் சிறுநீரில் இரத்தம் கலந்தால் கறுப்பில் தெரியாதே, அதுவும் மாதவிடாய் நின்ற ஒருவருக்கு அது உடனே தெரிந்தாக வேண்டிய விஷயம். சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப உள்ள வெள்ளை வை, வெளிய கறுப்பு. உள்ள யாரு பாக்கப் போறா, நான்தானே" என்றார். அதனால் ஜெர்சி மட்டும் வெள்ளையில் இன்னும் கொஞ்சம் வாங்க வேண்டும்.